வேலையைக் கையளிக்க வந்தவர்

சிங்கப்பூரிலிருந்த எங்கள் பிராந்தியத் தலைவர் அந்தச் செய்தியைச் சொன்னபோது "மூடுகிறோம்" என்ற சொல்லை ஒரு தடவைகூடப் பாவிக்கவில்லை. செபுவிலுள்ள பிரிவின் வேலைகள் வேலணைக்கு இடம் மாறுகின்றன என்று மட்டும் சொன்னார். கணினித் திரையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அவர், ஐரோப்பாவில் தலைமை அலுவலகத்து மனிதவள அதிகாரி, யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையிலிருந்து நான், பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து அந்தப் பிரிவின் பொறுப்பாளர். பொறுப்பாளர் என் வயதுப் பெண். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கூட்டம் முடியும்வரை என்னுடைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ஒரு பெரிய கப்பல் நிறுவனத்துக்காக வேலை செய்யும் அலுவலகம். கொள்கலன்களில் சரக்கு அனுப்பியவர்களும் அதற்காகக் காத்திருப்பவர்களும் உலகம் முழுவதிலுமிருந்து எழுதுவார்கள், தொலைபேசி எடுப்பார்கள். என் சாமான் எங்கே, ஏன் இன்னும் வரவில்லை, எந்தப் பத்திரம் குறைகிறது என்று கேட்பார்கள். தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். செபுவில் பல வருடங்களாக அந்த வேலை நடந்தது. எங்களிடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. லண்டனில் இருக்கும் ஒரு குடும்பம் கட்டிப் பூட்டி வைத்திருந்த மாடிவீட்டை நிறுவனம் வாடகைக்கு எடுத்து, கதிரை மேசை போட்டு, இணைய இணைப்பு இழுத்து, படிப்பை முடித்த தீவுப்பகுதிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை வேலைக்குச் சேர்த்திருந்தது. கொழும்பில் இப்படியான நிறுவனங்களில் நீண்ட காலம் ஆட்களை நிர்வகித்துவிட்டு, அப்பா இறந்த பிறகு அம்மாவோடு இருக்கலாம் என்று அதே தீவிலுள்ள மண்கும்பானுக்குத் திரும்பி வந்த என்னிடம் அலுவலகத்தை ஒப்படைத்தார்கள்.

தலைவர் பேசி முடித்ததும் செபு பொறுப்பாளர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு வேலையை யார் பழக்குவது? எல்லாவற்றையும் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பினால் போதும் என்றார் தலைவர். போதாது என்றார் பொறுப்பாளர். பிறகு, "நானே வேலணைக்குப் போகிறேன். அதற்கு முன் உங்களோடு தனியாகச் சில விஷயங்கள் பேச வேண்டும்" என்று சொல்லித் தன் படத்தை அணைத்துவிட்டார்.

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. இப்படியான கையளிப்புகளைக் கொழும்பில் நான் பார்த்திருக்கிறேன். வேலையை இழக்கப் போகிறவர்கள் வந்து, மேலோட்டமாக நாலு விஷயம் காட்டிவிட்டு, முக்கியமானதை மனதுக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் அவர் பேசுவதையெல்லாம் ஒலிப்பதிவு செய்வது, ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதுவது என்று முன்னேற்பாடுகள் செய்து வைத்திருந்தேன்.

பொறுப்பாளர் பிற்பகல் ரயிலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். திரையில் உயரமானவராகத் தெரிந்தவர் என் தோளளவுதான் இருந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி. பிள்ளைகளுக்குக் காய்ந்த மாம்பழம் கொண்டுவந்ததாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தைத் தீவுப்பகுதியோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் எங்கள் வான் வண்டி போகும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், அதற்குள் மீன்பிடிக்க நட்டிருக்கும் தடிவேலிகள். வண்டியை நிறுத்தச் சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. பாலம் முடிந்த பிறகு, "எங்கள் ஊரிலும் இப்படித்தான் நட்டு வைப்பார்கள். இவ்வளவு தூரம் பறந்து வந்து அதே கடலில் இறங்கியிருக்கிறேன்" என்றார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பாட்டின் ஏற்ற இறக்கம் இருந்தது.

நிறுவனம் பட்டணத்து ஹோட்டலில் அறை எடுத்திருந்தது. தினமும் போய்வர நேரம் வீணாகும், அலுவலகத்துக்குக் கிட்ட ஒரு வீடு கிடைத்தால் நல்லது என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்ததால் எங்கள் வீட்டு முன்னறையை ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் குளிக்கப் போன நேரம் அம்மா குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அவவின்ர வேலையைத்தான் நீங்கள் எடுக்கிறியள் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. தெரிஞ்சுதான் வந்திருக்கிறா."

 அம்மா, இரவுக்கென்று அவித்த புட்டு போதாது என்று சொல்லி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சுறாத்துண்டை எடுத்து வறை வறுக்கத் தொடங்கினார். பொறுப்பாளர் எங்களோடு தங்கிய காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் விருந்துச் சமையல்தான்.

முதல் நாள் பயிற்சியில் அவர் கணினியைத் திறக்கவே இல்லை. பெயர்களை நீக்கிய பழைய மின்னஞ்சல்களை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆளுக்கொன்றைக் கொடுத்து, இதை எழுதியவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. கொள்கலன் இலக்கத்தைக் கணினியில் எப்படித் தேடுவது என்று சொல்லித் தருவார் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாரந்தனையிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த மின்னஞ்சலில் மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் பெரிய எழுத்தில். "இந்த ஆள் கடுங்கோபத்தில் இருக்கிறார்" என்றாள் அவள்.

"எத்தனை மணிக்கு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்" என்றார் அவர். அந்த மனிதருடைய நாட்டில் அப்போது விடியவில்லை. "நித்திரை வராமல் எழும்பியிருந்து எழுதியிருக்கிறார். இது பயம். கோபத்துக்கு ஒரு பதில், பயத்துக்கு வேறு பதில்."

பயந்தவருக்கு முதல் வரியில் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்று சொல்லித் தந்தார். முதல் வரியில் அவருடைய பெட்டி இந்த நிமிடம் எந்தக் கடலில் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் அவரால் மிச்சத்தை வாசிக்க முடியும். இன்ன துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் வீட்டாரின் சுகம் விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் வேலையைக் கேட்டால் பதில் வராது. இன்னொரு துறைமுகத்தில் சுகம் விசாரித்தால் தங்கள் நேரத்தை வீணாக்குவதாக நினைப்பார்கள். ஓரிடத்தில் "பார்க்கிறேன்" என்றால் செய்வார்கள். வேறோர் இடத்தில் "பார்க்கிறேன்" என்றால் முடியாது என்று அர்த்தம், மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள்.

நான் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பல நாட்டு ஆட்களை நிர்வகிப்பது எப்படி என்று நானே கொழும்பில் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனாலும் மத்தியானத்துக்குள் வாய் பிளந்து இருந்தேன். இந்தப் பெண் செபுவில் ஒரு மாடியில் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்துகொண்டு பாதி உலகத்தின் மனதைப் படித்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் நாங்கள் கேட்காமலே எடுத்துத் தருகிறார். ஒலிப்பதிவுக் கருவியை அன்றைக்கே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டாம் கிழமை, தேநீர் நேரத்தில் அது நடந்தது. நாரந்தனைப் பிள்ளை மாம்பழத் துண்டைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள், "மிஸ், நீங்கள் திரும்பிப் போன பிறகு உங்கள் பிரிவு என்ன வேலை செய்யும்?"

"எங்கள் பிரிவு இருக்காது" என்றார் அவர். "இந்த வேலை இங்கே வந்ததும் அங்கே முடிந்துவிடும்."

நிறுவனம் பிள்ளைகளுக்கு அனுப்பிய அறிவித்தலில் "விரிவாக்கம்" என்றுதான் இருந்தது. அதற்கு மேல் விளக்கம் கொடுக்க எனக்கு அனுமதி இருக்கவில்லை.  ஒருவன் வாயிலிருந்த மாம்பழத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தான். அவர் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.

மறுநாள் காலை கதிரைகளில் பாதி வெறுமையாக இருந்தது. மடத்துவெளியிலிருந்து வரும் இளைஞன் நேரே என் அறைக்கு வந்தான். அவனுடைய ஆட்கள் தலைமுறையாகத் தென்பகுதிப் பட்டணங்களில் கடை வைத்திருந்தவர்கள். அவனும் மாமாவின் கடையில் நின்றுவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவன்.

"அக்கா, நான் விடப்போறன்" என்றான். "ஒரு ஆளின்ர சீவியத்தைப் பறிச்சுப்போட்டு, அந்த ஆளிட்டயே அதைப் படிக்கிறதோ? அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது."

 அவசரப்பட வேண்டாம், ஒரு நாள் பொறும் என்று மட்டும் சொன்னேன். பிறகு சிங்கப்பூருக்கு அறிவித்தேன். தலைவர் கெட்டவர் அல்ல. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். பொறுப்பாளரை உடனே திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தைக் காணொளியில் பார்க்கலாம், இந்த உணர்ச்சிகள் பரவினால் கையளிப்பு கெட்டுவிடும் என்றார். ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

பொறுப்பாளரிடம் இதை மறைக்க விரும்பவில்லை. மதியம் வெளியே வேப்பமரத்தடியில் வைத்துத் தலைவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு எல்லாரையும் கூப்பிடுங்கள். இன்று வராதவர்களையும்" என்றார்.

பின்னேரம் முழுவதும் நான் தொலைபேசியில் இருந்தேன். மறுநாள் எல்லாரும் வந்தார்கள். சிலர் வாசலோடு நின்றார்கள். அவர் ஒரு மேசையின் விளிம்பில் ஏறி இருந்துகொண்டு பேசினார்.

"இந்த வேலை செபுவில் தொடங்கியது அல்ல. அதற்கு முன் ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒருவர் எங்களுக்குப் பழக்க வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மனம் எரிந்துகொண்டிருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். எதைக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. அவர் போன பிறகு ஒரு வருடம் நாங்கள் தட்டுத்தடுமாறினோம். எத்தனையோ பேருடைய சாமான்கள் வெயிலில் கிடந்து பழுதாகின. அவர்கள் அழுதது எங்களிடம்தான். அதனால், தெரிந்ததை மறைத்தால் யார் படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் நிறுவனத்தைத் தண்டிக்க நினைத்தார். நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை."



"எனக்குக் கோபம் இருக்கிறது. அது உங்கள் மேல் இல்லை. நீங்கள் எழும்பிப் போனால் என் வேலை எனக்குத் திரும்பி வராது. நான் இத்தனை வருடம் கற்றது மட்டும் என்னோடு போய்விடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

மடத்துவெளி இளைஞன் வாசலில் நின்றபடி தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டான், ஒருநாள் இது எங்களிடமிருந்தும் போகுமா என்று. "போகலாம்" என்றார் அவர். ஆறுதலுக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.  அவன் உள்ளே வந்து தன் கதிரையில் இருந்தான். மற்றவர்களும் இருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் படித்த விதம் வேறு. நேரம் முடிந்தும் எழும்ப மாட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான்தான் அவர்களைத் துரத்த வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகில் ஏறினோம். அவர் கத்தோலிக்கர். கோயிலுக்குள் தான் வரலாமா என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். படகு நிறைய ஆட்கள், பூத்தட்டுகள், அழுகிற குழந்தைகள். இயந்திரச் சத்தத்தில் காதோடு காதாகப் பேச வேண்டியிருந்தது. அப்போதுதான், தலைவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றாரே, அது என்ன என்று கேட்டேன்.

அவருடைய பிரிவில் இரண்டு பெண்கள் பிள்ளை பெற இருந்தார்கள். இன்னொருவருடைய கணவருக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதியும் அன்றோடு போய்விடும். அவர் தலைவரிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் பதிவுசெய்யக்கூடியது கணினித் திரையை மட்டும்தான், மிச்சமெல்லாம் எங்கள் தலைக்குள் இருக்கிறது, அந்த மூன்று பேருக்கும் பிள்ளை பிறந்து, சிகிச்சை முடியும்வரை காப்புறுதி தொடரும் என்று எழுத்தில் தாருங்கள், நான் போய் ஒன்றும் விடாமல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று. அதற்கு விதிமுறையில் இடமில்லை என்று தலைவர் சொன்னாராம். சரி என்று இவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சம்மதம் வந்தது.

"உங்களுக்காக என்ன கேட்டீர்கள்?" என்றேன்.

"ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகக் கேட்டிருந்தால் அவருக்கு அது பேரமாகியிருக்கும், இல்லை என்று சொல்வது சுலபம். அவர்களுக்காகக் கேட்டேன். இல்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது."

சொல்லிவிட்டு, தெறித்த உப்புத் தண்ணீரைக் கன்னத்திலிருந்து துடைத்துக்கொண்டார்.  என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் நான் மேலிருந்து வந்த செய்திகளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். மென்மையாகச் சேர்த்தேன் என்று எனக்குப் பெயர். செய்தியை மறுபக்கமாக, கீழிருந்து மேலே, இரண்டு கடல் தாண்டி அனுப்பி, அதற்கு ஓம் என்று பதில் வாங்கிய ஒருவரை அன்றைக்குத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோயிலில் வீதி சுற்றும்போது அவர் எனக்கு முன்னால் செருப்பில்லாமல் நடந்து போனார். சுடுமணலில் கால் வைக்கத் தெரியாமல் துள்ளித் துள்ளி நடந்தார். நான் பின்னால் போனேன். கும்பிடும்போது என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை முழுமையாகக் கைமாறும் நாள் வந்தது. செபுவில் அன்று அவர்களுக்குக் கடைசி நாள். அங்குள்ள ஒவ்வொருவரும் இங்குள்ள ஒருவரோடு சோடியாகத் திரையில் இணைந்திருந்தார்கள். செபுவின் நேரம் எங்களை விட முந்தியது. எங்களுக்குப் பிற்பகலாக இருக்கும்போது அவர்களுக்கு மாலையாகிவிடும். மாலையானதும் தலைமை அலுவலகம் அவர்களுடைய கணினி அனுமதிகளை நிறுத்தும் என்று ஏற்பாடு.

அதற்குச் சில நாள் முன்புதான் கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுகம் புயலால் மூடப்பட்டிருந்தது. அங்கே போக வேண்டிய கப்பல்களை வடக்கே வேறொரு துறைமுகத்துக்குத் திருப்பி, பெட்டிகளை அங்கே இறக்கிவிட்டார்கள். அன்று காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பிற்பகலில் நாரந்தனைப் பிள்ளைக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு வைத்தியசாலையின் மருந்தாளர். அவர்களுக்கு வரவேண்டிய இன்சுலின் ஒரு குளிரூட்டிய கொள்கலனில் இருந்தது. இறக்கிய இடத்தில் அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்களா இல்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. கொடுக்காவிட்டால் அந்த வெயிலில் மருந்து முழுவதும் பழுதாகிவிடும். கணினியில் "இறக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது.

அவளுடைய செபு சோடி ஓர் ஆண். கணினியில் உள்ள இலக்கத்துக்கு எடுக்காதே, அங்கே ஒருவரும் தூக்க மாட்டார்கள் என்றார் அவர். குளிர்ப்பெட்டிகளைப் பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், அவருடைய சொந்த இலக்கத்தைத் தருகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கவில்லை. அவருடைய படம் சாம்பல் நிறமாகிப் பேச்சு நின்றது.

பிறகு பக்கத்துத் திரை. பிறகு அதற்கடுத்தது. அறை முழுவதும் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்களோடு நின்ற பொறுப்பாளருடைய மடிக்கணினியும் அவரை வெளியே தள்ளியது. அவர் அந்தத் திரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அத்தனை வருட வேலை என் கண் முன்னால் முடிந்தது, அவருடைய கைகள் இன்னும் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன. மடிக்கணினியை மூடினார். தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் நாரந்தனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டார். "எழுதுங்கள். அந்த இலக்கம் எனக்கும் தெரியும்" என்றார்.

அவர் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசையில் கிடந்த அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. செபு சோடி தன் சொந்தத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். அடுத்து மடத்துவெளி இளைஞனுடையது அடித்தது. பிறகு அறை முழுவதும் அடிக்கத் தொடங்கியது. செபுவில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அணைந்த கணினிகளுக்கு முன்னால் அதே கதிரைகளில் இருந்துகொண்டு, வேலையும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல், "எங்கே விட்டோம்?" என்று கேட்டார்கள். யாராவது அப்படிச் செய்யச் சொன்னார்களா என்று பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. பொறுப்பாளரும் சொல்லவில்லை.

நாரந்தனைப் பிள்ளை மேற்பார்வையாளருக்கு எடுத்தாள். தான் கற்றபடியே முதலில் வீட்டாரின் சுகம் விசாரித்தாள். புயலில் தம்பியின் வீட்டுக் கூரை போய்விட்டதாக அவர் சொன்னார். அவள் அவசரப்படாமல் முழுவதையும் கேட்டாள். பிறகுதான் பெட்டியின் இலக்கத்தைச் சொன்னாள். தானே போய்ப் பார்த்துவிட்டு எடுப்பதாக அவர் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி எடுத்தவர், பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கப்படாமல் இருந்தது, இப்போது கொடுத்தாயிற்று, உள்ளே குளிர் இன்னும் குறையவில்லை என்றார். அவள் உடனே மருந்தாளருக்கு எடுத்தாள். முதல் வசனத்தில் பெட்டி எங்கே நிற்கிறது என்று சொன்னாள். பேசி முடித்துவிட்டு ஒரு போத்தல் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

கடைசி அழைப்பும் ஓய்ந்தபோது செபுவில் இருட்டிவிட்டது. மின்விளக்கை அணைக்கக் காவலாளி வந்து நிற்கிறார் என்றார்கள். ஆனாலும் தொலைபேசியை வைக்கவில்லை. நாங்கள் ஒலிபெருக்கியில் போட்டோம். கதிரைகள் தள்ளும் சத்தம் கேட்டது. அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார்கள், ஒருவர் சிரித்தார், ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு படிகளில் இறங்கும் காலடிச் சத்தம். நிறையக் காலடிகள். வேலணையில் யன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. மடத்துவெளி இளைஞன் முதலில் எழும்பி நின்றான், பிறகு எல்லாரும் நின்றோம். காலடிகள் தெருச் சத்தத்தோடு கலக்கும்வரை நின்றோம். அவர் மட்டும் கதிரையில் இருந்தபடி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

மூன்று நாள் கழித்து அவர் புறப்பட்டார். அம்மா பனையோலைக் குட்டானில் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்து, அவருடைய தலையைத் தடவி, "நல்லா இருப்பாய் பிள்ளை" என்றார். மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

கையளிப்பு இவ்வளவு சிக்கலில்லாமல் முடிந்தது எப்படி என்று எழுதித் தரும்படி தலைவர் என்னிடம் கேட்டார். வேறு நாடுகளிலும் இப்படியான இடமாற்றங்கள் வர இருந்தன. நடந்ததை நடந்தபடி எழுதினேன். காப்புறுதியைப் பற்றியும், போகிறவர்களின் சிகிச்சையை இடையில் நிறுத்தக் கூடாது என்றும் ஒரு பந்தி எழுதினேன். அந்தப் பந்தியை எடுத்துவிடலாமே என்று அவர் தொலைபேசியில் கேட்டார். எடுத்தால் மிச்சத்துக்கு அர்த்தம் இருக்காது என்றேன். இதற்கு முன் ஒரு மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியதில்லை.  சில நாள் கழித்து அவர் அறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார், எனக்கும் ஒரு பிரதி வந்தது. அது விதியாகிவிடவில்லை. ஆனால் அடுத்து மூடப்பட்ட இடத்தில் ஒருவர் அதையே கேட்டபோது, மறுக்கவில்லை என்று அறிந்தேன்.

செபுவில் இரண்டு குழந்தைகளும் சுகமாகப் பிறந்தன. சிகிச்சை பெற்றவர் பிழைத்துக்கொண்டார். மற்றவர்களில் சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள், சிலர் வேறு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் ஒழுங்கான வேலை இல்லை. பொறுப்பாளர் தன் சொந்த ஊரில் ஒரு வைத்தியசாலையில் நோயாளர்களை வரவேற்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். பயந்தவர்களோடு பேசுவதுதானே வேலை, புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை என்கிறார்.

தை பிறந்த பிறகு நான் விடுமுறையில் செபுவுக்குப் போகிறேன். வரக்கூடியவர்களை ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்திலும் இதைச் சொன்னேன். அடுத்த கிழமை நாரந்தனைப் பிள்ளையும் மடத்துவெளி இளைஞனும் கடவுச்சீட்டுக்கு எடுத்த படங்களோடு வந்து நின்றார்கள். இருவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

"அக்கா, நாங்களும் வாறம்" என்றாள் அவள். "அண்டைக்குப் படியால இறங்கின ஆக்களைக் கண்ணால பாக்கவேணும்."

மூன்று பேருக்கும் விமான ரிக்கற் போட்டாயிற்று.